அவங்களுக்கும் சேர்த்து டிக்கெட்

அன்றைக்கு அந்த முருங்கைக்காய்களை நான் கை நீட்டி வாங்கியிருக்க வேண்டுமா? இந்தக் கேள்விக்கு எனக்கு இன்னும் விடை தெரியவில்லை. வாங்கியிருந்தால்தான் தப்பு என்று ஒரு சமயம் தோன்றுகிறது, வாங்காமல் விட்டதுதான் தப்பு என்று இன்னொரு சமயம். இதற்கிடையில் என் மகள் சாயங்காலம் குளத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டாள்.

நாங்கள் கணபதி என்ற பகுதியில், லேத் பட்டறைகளுக்கு நடுவே ஒரு சந்தில் குடியிருக்கிறோம். பகலெல்லாம் இரும்பு அறுக்கும் சத்தம். குழந்தை ஓடியாட வேண்டுமென்றால் ஸ்கூட்டரில் கொஞ்ச தூரம் போய்க் குளத்தங்கரையில் இறக்கிவிட வேண்டும். அங்கேதான் அந்தப் பெண் எனக்குப் பழக்கமானார். கரையை ஒட்டிய லைன் வீடுகளில் ஒன்றில் இருக்கிறார், பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றும் வேலை. அவர் மகளும் என் மகளும் ஒரே வயது. இரண்டும் மண்ணைக் குவித்து வீடு கட்டும், இடிக்கும், சண்டை போடும், மறுபடி கட்டும். தாய்மார்கள் நாங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, சளிக்கு என்ன கொடுப்பது, ஹோம்வொர்க்கை எப்படி எழுத வைப்பது என்று பேசிக்கொண்டிருப்போம்.

ஒரு நாள் உடைந்த பாட்டில் துண்டு என் மகளின் பாதத்தில் ஏறிவிட்டது. தையல் போட வேண்டியதாயிற்று. அப்போது அவளைத் தூக்கிக்கொண்டு ரோடு வரை ஓடி வந்தது அவர்தான். நான் ஸ்கூட்டரை எடுக்கப் பின்னாலேயே ஓடினேன்.

அந்தச் சமயத்தில்தான் குளத்தைச் சீரமைத்து நுழைவுக் கட்டணம் வைக்கப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. சுற்றிலும் குடியிருப்பவர்களைக் கூட்டிக் கருத்துக் கேட்டார்கள். ஒரு பெரியவர் எழுந்து, “இன்னைக்குக் கொளத்துக்கு டிக்கெட்டுங்க. நாளைக்குப் பாலக்காட்டுப் பக்கமிருந்து வர்ற காத்துக்கும் டிக்கெட்டுங்களா?” என்று கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். நான் கூட்டத்தில் பேசுகிற ஆள் இல்லை. எப்படி எழுந்தேனோ, “பாட்டில் குத்துனது உங்க கால்லயில்லீங்க. காசு வாங்கிட்டாவது சுத்தமா வெக்கட்டுமுங்க” என்றேன். சிரிப்பு அடங்கியது. சிலர் கை தட்டினார்கள். வெளியே வந்தபோது அந்தப் பெண், “நல்லாப் பேசுனீங்க்கா” என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

நான் கேட்டதெல்லாம் நடந்தது. கரை முழுக்க விளக்கு வந்தது. பிள்ளைகளுக்குச் சறுக்கு மரமும் ஊஞ்சலும் வந்தன. கழிப்பறையில் தண்ணீர் வந்தது. குடித்துவிட்டு உட்காரும் கும்பல் காணாமல் போனது. கூடவே கம்பி வேலியும் கேட்டும் டிக்கெட் கவுன்டரும் வந்தன.

முதல் நாள் அந்தப் பெண் கேட்டுக்கு முன்னால் நின்று விலைப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க, தெனமும் குடுக்கோணுமுங்களா?” என்று கவுன்டரில் கேட்டார்.

“ஆமாங்க. வர்றப்பல்லாம்.”

தினமும் என்பது எனக்கு அதுவரை உறைக்கவில்லை. எனக்கு அது பெட்ரோல் செலவோடு செலவு. அவர் மகள் அதற்குள் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்க்க ஆரம்பித்துவிட்டாள். நான் அவசரமாகப் பணத்தை நீட்டி, “அவங்களுக்கும் சேர்த்துக் குடுங்க” என்றேன்.

“ஐயோ, வேண்டாமுங்க்கா.”

“அட வாங்க. பிள்ளைகளப் பாருங்க.”

பிள்ளைகள் ஓடியே போய்விட்டன.

மறுநாள் அவர் ஒரு கட்டு கறிவேப்பிலை கொண்டுவந்தார். “எங்கம்மா ஊரு காரமடைங்க. தோட்டத்துல பறிச்சது, மருந்தே அடிக்காதது” என்றார். வாங்கிக்கொண்டேன், அன்றைக்கும் அவர்களுக்குச் சேர்த்து டிக்கெட் எடுத்தேன். அடுத்து எலுமிச்சை வந்தது. அப்புறம் பச்சை நிலக்கடலை. ஒரு நாள் தூக்குப்போசிப் பாத்திரத்தில் தவிட்டைப் பரப்பி, அதில் நாட்டுக்கோழி முட்டைகளைப் பதித்துக் கொண்டுவந்தார். “பாப்பா காலு ஆறோணுமில்லீங்க. தெனமும் ஒண்ணு வேக வெச்சுக் குடுங்க.” தையல் பிரித்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது. அதை நான் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் போசியைத் திறந்து பார்த்தார். “டிக்கெட் வெலைய விட முட்டை வெல ஜாஸ்தி. நல்ல யாவாரந்தான் அம்மணி!” என்று சிரித்தார். அவர் எதையும் அப்படித்தான் பேசுவார், மனதில் வைத்துக்கொள்ள மாட்டார். எனக்குத்தான் அது முள்ளாகத் தைத்தது. அந்த முட்டைகளை அந்தப் பெண் தன் குழந்தைக்கல்லவா கொடுத்திருக்க வேண்டும்? நான் டிக்கெட் எடுக்க எடுக்க, அவர் வீட்டிலிருந்து ஒவ்வொன்றாக என் வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிறதே? நான் உதவுகிறேனா, பறிக்கிறேனா? நாளைக்கு எப்படிச் சொல்வது என்று சமைக்கும்போதும் துணி மடிக்கும்போதும் ஒத்திகை பார்த்தேன்.

மறுநாள் அவர் கையில் முருங்கைக்காய்க் கட்டு இருந்தது. நான் சிரித்தபடியே, “இனிமேல் இதெல்லாம் கொண்டு வராதீங்க. டிக்கெட் என்னங்க பெரிய காசு? இதையெல்லாம் உங்க பிள்ளைக்குக் குடுங்க” என்றேன்.

அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். “செரிங்க்கா. நீங்க குடுத்தா நாங்க வாங்கிக்கோணும். நாங்க குடுத்தா நீங்க வாங்க மாட்டீங்க. அப்படித்தானுங்களே?”

“அய்யோ, அப்படி இல்லீங்க…”

“எம் பிள்ளைக்கும் நாங்க குடுத்துட்டுத்தானுங்க இருக்கறோம்.”

மரியாதையில் ஒரு ‘ங்க’ கூடக் குறையவில்லை. கட்டைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டார். அன்று உள்ளே வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்தார், வெயிலைப் பற்றி மட்டும் பேசினார்.

அதற்கப்புறம் அவர் கேட்டுக்கு வரவில்லை. சில நாள் வேலிக்கு வெளியே மகளோடு நின்றார். பிள்ளைகள் இரண்டும் கம்பி வழியாக விரலைக் கோத்துக்கொண்டு பேசின. நான் கூப்பிட்டால், “இல்லீங்க்கா, வேலை கெடக்குது” என்பார். பிறகு அதுவும் நின்றது. அது நிற்பதற்கு முன் ஒரு நாள் என் மகள், “அவங்கம்மா சொன்னாங்களாம், கொளம் வெளிய இருந்து பாத்தாலே நல்லாத்தான் இருக்குதுன்னு. நெசமாம்மா?” என்று கேட்டாள். சறுக்கு மரமும் ஊஞ்சலும் அப்படியே இருக்கின்றன. “அவ வராம நான் வல்லே” என்று என் மகள் வீட்டிலேயே படுத்துக்கொள்கிறாள்.

கட்டணத்துக்காகப் பேசியது தப்பா என்றும் யோசித்துப் பார்க்கிறேன். அந்தத் தையலை நினைத்தால் இன்றைக்கும் அதையேதான் பேசுவேன் போலிருக்கிறது. ஆனால் என் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடியவர் தினமும் கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டியிருக்கும் என்று அப்போது ஏன் எனக்குத் தோன்றவில்லை? கரையோரத்துக்காரர்களுக்கு மட்டும் கட்டணம் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாமா என்று பார்க்கிறேன். அப்படி இலவசமானாலும் அவர் வருவாரா? அவர் கோபம் டிக்கெட்டின் மேல் இல்லையே.

அவருடைய தூக்குப்போசி இன்னும் என் சமையலறை மேடையில் இருக்கிறது. கழுவித் துடைத்து வைத்திருக்கிறேன். எங்கள் பக்கம் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்க மாட்டோம், ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்போம். வெறுமையாகக் கொண்டுபோனால் உறவு வேண்டாம் என்று சொன்னதாகிவிடும். எதையாவது நிரப்பிக் கொண்டுபோனால், ‘உங்கள் கணக்கைத் தீர்த்துவிட்டேன்’ என்பதுபோல் ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. முருங்கைக்காய் இருக்கிறதா என்று நானே வாய்விட்டுக் கேட்டு, கை நீட்டி வாங்கிக்கொண்டு வரலாமா? அதுவும் நடிப்பாகத் தெரியுமா?

படிக்கிற உங்களில் யாராவது இப்படி ஒரு வாசலுக்குத் திரும்பிப் போயிருப்பீர்கள். அந்தப் போசியில் நான் என்ன வைத்துக் கொண்டுபோகட்டும்? அவர் கதவைத் திறந்ததும் முதலில் என்ன சொல்லட்டும்? தெரிந்தால் சொல்லுங்கள். பள்ளி விடுமுறை முடிவதற்குள் மகளையும் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும்.