பெட்டிக்குள் அடங்காத வசனம்

குழந்தைகள் பக்கம் எழுதுவது உலகத்தை எண்பது சொற்களுக்குள் உட்காரவைக்கும் வேலை. நீங்களும் அதில் மாட்டியவரென்றால் என் கழுத்துவலி உங்களுக்கும் இருக்கும். உத்திரமேரூரில் இருந்துகொண்டு ஓர் இஸ்லாமிய மாத இதழுக்கு இருபது வருடமாக எழுதுகிறேன்.

ஷாகிராவின் கேள்வி

எங்கள் தெருவில் ஆறாவது படிக்கும் ஷாகிரா, "என் ஃபிரண்டு கவிதா காஃபிரா?" என்று என் கேள்வி-பதில் பகுதிக்குச் சீட்டில் எழுதிக் கொடுத்தாள். கேட்ட பிள்ளைக்கே பதிலை முதலில் படித்துக் காட்டுவது என் வழக்கம். பொதுவாக 'இறைமறுப்பாளர்' என்று பெயர்க்கப்படும் காஃபிர் என்ற சொல், குர்ஆனில் ஓரிடத்தில் நன்றி மறந்தவரைக் குறிக்கும். ஓரிடத்தில் உண்மை தெரிந்தே மறுத்தவரை. ஓரிடத்தில் போருக்கு வந்தவரை. யாரைப் பற்றி, எப்போது சொன்னது என்று பார்க்காமல் தோழி மேல் ஒட்டக் கூடாது என்று படித்தேன்.

யோசித்துவிட்டுச் சொன்னாள்: "அப்போ நான் குடுத்த முட்டாயத் தின்னுட்டு ஓடிப்போற என் தம்பிய மொதல்ல எழுதுங்க மாமா."

கடைசி நேர விளம்பரம்

பிரியாணிக் கடை விளம்பரம் ஒன்று வந்து, பக்கத்தில் என் பதிலுக்கு ஒதுக்கிய பெட்டியைப் பாதியாக்கியது. விளக்கத்தை வெட்டினேன். 'அவர்களைக் கொல்லுங்கள்' என்று சொல்லி, 'காஃபிர்களுக்கு இதுவே கூலி' என்று முடியும் போர் வசனத்தையும் பதிலில் எடுத்துக்காட்டியிருந்தேன். அதற்கு முன்னால் 'வரம்பு மீறாதீர்கள்' என்றும், பின்னால் 'அவர்கள் நிறுத்திக்கொண்டால் இறைவன் மன்னிப்பவன்' என்றும் இருக்கிறது. நம் பிள்ளைகளுக்குத் தெரிந்ததுதானே என்று அவற்றையும் வெட்டினேன். நடு வசனம் மட்டும் மிஞ்சியது.

பக்கம் வடிவமைப்பவர் போனில் மகிழ்ந்தார்: "சூப்பர் சார், கச்சிதமா உக்காந்துடுச்சு."

வராத தூக்கு

மானாம்பதி தனபால் எங்கள் வயலில் நடவுக்கு வந்து நண்பரானவர். ரமலான் மாலைகளில் பள்ளிவாசலுக்குத் தூக்குப் பாத்திரத்தோடு வந்து நோன்புக் கஞ்சி வாங்கிப் போவார். அவர் மகளுக்கு மாதந்தோறும் இதழ் கொடுத்தனுப்புவேன். இந்த ரமலானில் மூன்று நாளாக ஆளைக் காணோம். நான்காம் நாள் மானாம்பதிக்கு பஸ் ஏறினேன்.

"இன்னா பாய், பொண்ணு படிச்சிக் காட்டிச்சி. அதுல போட்டுக் கீற காஃபிரு நாங்கதானா?" என்றார்.

கொண்டுபோயிருந்த குர்ஆன் மொழிபெயர்ப்பைத் திறந்து, வெட்டியதையெல்லாம் வாசலிலேயே நின்று படித்தேன். அடுத்த இதழில் முழுப் பக்கமும் இதற்குத்தான் என்றேன். அவர் மகள் புத்தகத்தை வாங்கி மறுபடி ஒரு முறை தானே படித்தாள்.

தனபால் சொன்னார்: "இத்தினி நல்ல சேதிய வெட்டிட்டு, அந்த ஒண்ண மட்டும் வுட்டுவச்சியே பாய்... தூக்கு வூட்லதான் கீது, பாக்கலாம்."

இருபது வருடம் சொற்களை எண்ணித் தேர்ந்தவன், இப்போது தினமும் மாலையில் கஞ்சி வரிசைத் தூக்குகளை, தனபாலின் ஒரே ஒரு தூக்கைக் காணாமல், திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருக்கிறேன்.