நேராக இருந்த வகிடு

பெற்ற மகளைப் பார்த்தே பொறாமைப்பட்டவள் நான். அதோடு நிற்காமல், அவள் கற்றுக்கொண்டதைக் கெடுத்தேன். கணவரிடம்கூடச் சொன்னதில்லை... உங்களிடம் சொல்கிறேன்.

சந்தியா அப்போது நான்காம் வகுப்பு. ஜவ்வாது மலையில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து டீச்சர் வீட்டுப்பாடத்தையே மாற்றிவிட்டிருந்தார். பிள்ளைகள் தாங்களே ஒன்றைத் தேர்ந்தெடுத்து வீட்டில் கற்றுக்கொள்ள வேண்டும். அதனால் வீட்டில் யாருக்காவது பாரம் குறைய வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண் சாமை புடைக்கக் கற்றாள். என் மகள் தேர்ந்தெடுத்தது தலை பின்னுவதை!

பழைய புடவையைக் கிழித்து, சன்னல் கம்பியில் கட்டி, தானாகவே பின்னிப் பின்னிப் பழகினாள். பிறகு தங்கை பவியின் தலையில் கைவைத்தாள்.

"நீ குந்திக்கினு கூழு குடிம்மா. பாப்பாவுக்கு நான் பின்றேன்."

எனக்காகத்தான் கற்றிருக்கிறாள்! நின்றபடியே இரண்டு வாய் குடித்துவிட்டு நான் நிலத்துக்கு ஓடுவதை அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். மகிழ்ந்திருக்க வேண்டாமா நான்?

கூழைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். நானே பின்னிவிடப் பவியைக் கூப்பிட்டேன், அவள் சீப்போடு அக்காவிடம் ஓடினாள். "நீ வாணாம், அக்காதான் பின்னணும்!"

நாளெல்லாம் வெயிலில் கிடக்கிற எனக்கு, பிள்ளைகள் கைக்கெட்டும் நேரமே அந்தக் காலைப்பொழுதுதான்... அதையும் இவள் பிடுங்கிக்கொண்டாளே!

மறுநாள் பின்னி முடித்துவிட்டு, ஆசையாக என் முகத்தைப் பார்த்தாள். வகிடு நூல் பிடித்தாற்போல் இருந்தது.

"இன்னாடி இது, வகிடு கோணலா கீது! பள்ளிக்கூடத்துல சிரிப்பாங்க."

சொல்லிக்கொண்டே பின்னலை அவிழ்த்தேன். அடுத்தடுத்த நாளும் அதையே செய்தேன். அவள் தன் கண்ணை நம்பாமல் என்னை நம்பினாள், பாவி மகள்!

கற்றதைப் பெற்றோர் முன்னால் செய்துகாட்டும் நாளும் வந்தது. சந்தியாவை டீச்சர் அழைத்தார்.

"எனக்கு எதுவும் வரல மிஸ்."

டீச்சர் என்னைப் பார்த்தார். நன்றாகவே வரும் என்று அங்கேயே நான் சொல்லியிருக்கலாம். தலையைக் குனிந்துகொண்டேன்... என்ன தாய் நான்?

இப்போது போளூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அங்கே தோழிகள்தான் பின்னிவிடுகிறார்களாம். விடுமுறைக்கு வந்தால் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்கிறாள்.

"நீயே பின்னும்மா. எனக்குத்தான் நேரா வராதே."

நான் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. உண்மையைச் சொல்ல ஒவ்வொரு முறையும் வாயெடுக்கிறேன்... சொன்னால் அடுத்த விடுமுறையில் அவள் என்னிடம் வந்து உட்காரமாட்டாள். பேசாமல் பின்னிவிடுகிறேன்.