ஞாயிறு காலை ஆறு மணி

லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி அது. மெக்கானிக்குகள் பதினாறு பேர், அலுவலகத்தில் நான்கு பேர். அந்த நால்வரில் ஒருவருக்கு ஒட்டக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

பதினேழு வருடமாக ஒரே வேலை. புகார் மெயிலில் வருவதை நகலெடுத்துக் காலண்டரில் ஒட்ட வேண்டும். காலண்டரில் இருப்பதை ஸ்டோர் பட்டியலில் ஒட்ட வேண்டும். ஸ்டோர் தரும் பதிலை மெக்கானிக்கின் போனுக்கு ஒட்ட வேண்டும். நான்கு மென்பொருள்கள், ஒன்றின் முகத்தை ஒன்று பார்க்காது. பங்காளிகள் பேச்சை நிறுத்திவிட்ட வீட்டில், அந்த அறைக்கும் இந்த அறைக்கும் சேதி தூக்குகிற மருமகள் மாதிரி இவர் நடுவில்.

நாற்காலி இருந்தது. அதில் அவர் முழுதாக உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. விளிம்பில் ஒட்டிக்கொண்டு இடது காலை ஆட்டிக்கொண்டே இருப்பார். போன் அடிக்கும் முன்பே எழுந்துவிடுவார்.

ஒரு திங்கட்கிழமை மேனேஜர் வந்து சொன்னார்: "இனிமே ஒட்டுற வேலையே கிடையாது. ஏஐ அசிஸ்டன்ட் பாத்துக்கும்."

"அப்ப நான் சார்?"

"உங்களுக்குக் கொஞ்சம் ரெஸ்ட்."

மேனேஜர்கள் ரெஸ்ட் என்று எப்போது சொல்வார்கள் என்பது வேலை பார்த்த எவருக்கும் தெரியும். ஒட்டக்காவுக்கும் தெரியும்.

இணைப்புப் போட வந்தவர் ஐம்பது வயதுக்காரர், இரண்டு போன் வைத்திருந்தார், இரண்டிலும் யாரிடமாவது மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தை அவர் விளக்கியது எளிமையாகத்தான் இருந்தது. முன்பெல்லாம் ஒரு மென்பொருளை இன்னொன்றோடு பேசவைக்க ஒவ்வொரு ஜோடிக்கும் தனி ஒயர் இழுக்க வேண்டும். இப்போது எல்லோருக்கும் பொதுவாக ஒரு பிளக் பாயின்ட் அளவு வந்துவிட்டது. யார் வீட்டுச் சொத்தும் இல்லை, விதி வெளிப்படையாக இருக்கிறது, யார் வேண்டுமானாலும் அந்த அளவில் செய்துகொள்ளலாம். மெயிலைச் செருகு, காலண்டரைச் செருகு, ஸ்டோரைச் செருகு. அசிஸ்டன்ட் தானே படிக்கும், தானே செய்யும்.

திரையில் ஒவ்வொரு மென்பொருளுக்கும் எதிரே மூன்று கட்டங்கள். படிக்கலாமா, செய்யலாமா, செய்வதற்கு முன் ஒரு ஆளைக் கேட்க வேண்டுமா.

"மூணாவது டிக்கை எடுத்துடுங்க" என்றார் மேனேஜர். "எல்லாத்துக்கும் கேட்டுக்கிட்டிருந்தா பழைய குருடி கதவத் திறடிதான்."

"பொதுவா அத விட்டுவைக்கச் சொல்லுவோம் சார்..."

"எடுங்க."

எடுத்தார். பிறகு ஒட்டக்காவிடம் திரும்பினார். "மேடம், காலண்டர்ல உங்க ஆபீசுக்குன்னு தனிப் பழக்கம் ஏதாவது இருக்கா? இந்தக் குறிப்புல எழுதணும். அது இதப் படிச்சுத்தான் நடந்துக்கும்."

இருந்தது. அந்தக் காலண்டர் தேதியும் நேரமும் இல்லாமல் எதையும் ஏற்காது. ஆனால் பாதி வேலைகளுக்குத் தேதி எங்கே இருக்கிறது? பார்ட் வந்திருக்காது, வாடிக்கையாளர் போனை எடுத்திருக்க மாட்டார். அப்படிப்பட்டவற்றை எல்லாம் ஒட்டக்கா வரும் ஞாயிறு காலை ஆறு மணியில் போட்டு வைப்பார். ஞாயிறு விடுமுறை. எந்த மெக்கானிக்கும் அதைத் திரும்பிப் பார்க்க மாட்டார். அது ஒரு பரண், அவ்வளவுதான். இதைப்போல இன்னும் நாற்பது பழக்கங்கள், எல்லாம் அவர் தலைக்குள்.

"ஒண்ணும் இல்லீங்க. எல்லாம் நேராத்தான் இருக்கு" என்றார்.

திட்டுவதற்கு முன் யோசியுங்கள். அவர் கையில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். அதையும் எடுத்துக் கொடுத்துவிட்டு வாசலில் போய் நிற்கச் சொல்கிறீர்களா?

அன்று மாலை வீட்டில் பஸ் டிரைவரான அவர் கணவர் காலைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "சொல்லிட்டியா?"

"சொல்லல."

"நல்லது. ஸ்டியரிங்க விட்டவன் டிரைவர் இல்ல."

"பிரேக் பிடிக்காத வண்டின்னு தெரிஞ்சும் சொல்லாதவன்?"

"என்னை ஏன்டி முறைக்கிற? வண்டி உன்னோடது."

அடுத்த மூன்று நாளும் அசிஸ்டன்ட் ஒழுங்காகவே வேலை செய்தது. ஒட்டக்காவுக்கு அது தப்புச் செய்ய வேண்டும் என்றும் இருந்தது, செய்துவிடக் கூடாது என்றும் இருந்தது. நிமிடத்துக்கு ஒருமுறை காலண்டரைத் திறந்தார். ஞாயிறு ஆறு மணியில் பதினோரு வேலைகள். நகர்த்தி வைக்க வேறு இடமில்லை, எந்த நாளில் வைத்தாலும் அது வேலைநாள். வெள்ளிக்கிழமை மதியம் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்து மேனேஜர் அறை வரை போனார். கதவு சாத்தியிருந்தது. திரும்பி வந்தார். மறுபடி போனார், தட்டாமலே திரும்பினார்.

உள்ளே மேனேஜர் அப்போதுதான் அசிஸ்டன்டுக்கு டைப் செய்துகொண்டிருந்தார்: நிலுவையில் உள்ள எல்லோருக்கும் நேரத்தை உறுதிசெய்து செய்தி அனுப்பு, ஆட்களையும் ஒதுக்கு.

நாற்பது விநாடி. பதினோரு வாடிக்கையாளர்களுக்கும் செய்தி போய்விட்டது. பதினாறு மெக்கானிக்குகளில் பதினோரு பேருக்கு ஆளுக்கொரு கட்டடம். இரண்டு பேரை ஒரே இடத்துக்கு அனுப்பும் தவறுகூட இல்லை.

முதல் போன் மூத்த மெக்கானிக்கிடமிருந்து. "அக்கா, ஞாயித்துக்கிழமை காலைல ஆறு மணிக்கு என்னை எங்க அனுப்புறீங்க? என் பொண்டாட்டி என்னை வீட்ட விட்டே அனுப்பிடுவா."

"வைடா, வைடா" என்று வைத்தார். உடனே அடுத்தது.

ஐந்தாவது மாடியில் இருக்கும் ஒரு அம்மா. நடக்க முடியாது, சக்கர நாற்காலி. அந்தக் கட்டட லிஃப்டின் பிரேக் பார்ட் வெளியூரிலிருந்து வர வேண்டும். இருபத்துமூன்று நாளாக அவர் கீழே இறங்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை சரி பண்ணிடுறீங்களாமே! சேதி வந்துச்சும்மா. தம்பிய ஏழரைக்கு வண்டி எடுத்துட்டு வரச் சொல்லிட்டேன். மகளுக்குக் குழந்தை பொறந்து பத்தொம்பது நாள் ஆச்சு. போட்டோவுலதான் பாத்திருக்கேன்."

ஒட்டக்கா எழுந்து நின்றார். "அம்மா, பத்து நிமிஷத்துல நானே கூப்பிடுறேன்."

இந்த முறை மேனேஜர் அறைக் கதவைத் திறந்துகொண்டு நேரே உள்ளே போனார். "சார், போன சேதி பதினொண்ணும் பொய். ஞாயிறு ஆறு மணின்னா தேதி இல்லன்னு அர்த்தம். இணைப்புக்காரர் கேட்டப்பவே எனக்குத் தெரியும். மறைச்சேன்."

மேனேஜர் முகம் சிவந்தது. "இதுக்கே உங்கள வீட்டுக்கு அனுப்பலாம், தெரியுமா?"

"அனுப்புங்க. அதுக்கு முன்னால பதினொரு பேருக்கும் போன் பண்ணணும். யாருக்கு ஏன் தேதி இல்லன்னு காலண்டர்ல கிடையாது. எனக்குத்தான் தெரியும்."

நின்றுகொண்டே பத்துப் பேரிடம் பேசினார். திட்டு வாங்கினார். ஐந்தாவது மாடியைக் கடைசியாக வைத்திருந்தார்.

"பார்ட் வரலம்மா. எப்ப வரும்னு எனக்கே தெரியாது. அந்தச் சேதி தப்பு, நான் சொல்லியிருந்தா போயிருக்காது."

பக்கத்தில் வந்து நின்ற மூத்த மெக்கானிக், "நாங்க நாலு பேரு போய் நாற்காலியோட தூக்கி இறக்கிடலாம்னு சொல்லுங்க அக்கா" என்று கிசுகிசுத்தார். ஒட்டக்கா சொன்னார்.

"நான் என்ன பீரோவா?" என்றார் அந்த அம்மா. "லிஃப்ட்டுல ஏறி நானா இறங்கிப் போய்த்தான் பாப்பேன். பார்ட் வந்தா நீங்க கூப்பிடுங்க. அந்த மிஷின் சேதி வந்தா நம்ப மாட்டேன்."

திங்கட்கிழமை இணைப்புக்காரரை மறுபடி வரவழைத்தார்கள். மேனேஜர் ஒரு தாளை நீட்டினார். "உங்க தலைக்குள்ள இருக்கறது பூராவும் எழுதுங்க."

"எழுதுறேன் சார். மூணாவது டிக்கைத் திரும்பப் போடுங்க. அது கேக்கும்போது பதில் சொல்ல ஒரு ஆள் இருக்கணும். அது ஒரு வேலைன்னு லெட்டர்ல போட்டுக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

"தப்புப் பண்ணிட்டுப் பேரம் வேறயா?"

"பாதித் தப்பு என்னோடது. டிக்கை எடுத்தது யாரு?"

இணைப்புக்காரர் திடீரென்று தன் இரண்டு போன்களையும் ஆராயத் தொடங்கினார். மேனேஜர் அவரைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். கடைசியில் ஆறு மாதத்துக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஒட்டக்கா நிரந்தரம் கேட்டார். கிடைக்கவில்லை.

எழுதினார். ஞாயிறு ஆறு மணி முதல் வரி. இரண்டு நாளில் நாற்பத்துமூன்று வரிகள். எழுத எழுதக் கை நின்று நின்று ஓடியது. ஒவ்வொரு வரியும் அவர் இல்லாமலே அந்த அலுவலகம் நடப்பதற்கு ஒரு வரி. வீட்டில் கணவர் கேட்டதற்கு, "குடுத்துட்டேன்" என்று மட்டும் சொன்னார். அவர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

வியாழன் காலையில் இருந்து அசிஸ்டன்ட் கேட்கத் தொடங்கியது. இந்தச் செய்தியை அனுப்பலாமா? இந்த ஆளை ஒதுக்கலாமா? ஒட்டக்கா ஒவ்வொன்றையும் மூன்று முறை படித்தார். சரியாக இருந்தது. அனுமதி கொடுத்தார். அடுத்ததும் சரி. அதற்கடுத்ததும்.

மதியம் மூத்த மெக்கானிக் டீயோடு வந்தார். "எத்தனை கேட்டுச்சுக்கா?"

"முப்பத்தெட்டு."

"எத்தனை திருத்துனீங்க?"

"ஒண்ணு."

"முப்பத்தெட்டுக்கு ஒண்ணா?"

"ஒண்ணுடா. காது கேக்கல?"

மெக்கானிக் டீயை மேசையில் வைத்துவிட்டுப் போனார். ஒட்டக்கா எழுந்தார், உட்கார்ந்தார். திரையில் முப்பத்தொன்பதாவது கேள்வி வந்தது. முதலில் இருந்து வார்த்தை வார்த்தையாகப் படிக்க ஆரம்பித்தார்.