கைநாட்டுக்கு மேலே ஒரு சொல்

என் மேசை இழுப்பறையில் ஒரு கடிதத்தின் கார்பன் பிரதி கிடக்கிறது. அடியில் ஊதா மையில் ஒரு பெண்ணின் கட்டைவிரல் ரேகை. முதல் வரியில் ‘ஐ பெக்’ என்று ஆங்கிலத் தட்டச்சில் இருக்கிறது. தட்டியவன் நான்.

அகராதியைத் திறந்தால் அந்த வினைச்சொல்லுக்கு முதற்பொருள் பிச்சை கேட்பது, அடுத்தது கெஞ்சுவது. இலங்கையில் மஸ்கெலியாப் பக்கம் நான் சின்னக் கிளாக்கராக இருந்த தேயிலைத் தோட்டத்து ஆபீசிலோ, பொருளை யாரும் பார்க்கவில்லை. பிள்ளையார் சுழி மாதிரி எல்லாக் கடிதத்திலும் அது முதலில் வந்துவிடும். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கூரை ஒழுகினாலும் பெக், மகள் கல்யாணத்துக்கு லீவு வேண்டுமென்றாலும் பெக்.

எல்லோரும் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. இத்தனை வருடம் இந்தத் தோட்டத்தில் வேலை செய்கிறார் என்று தோட்ட மேலாளரான துரை கையெழுத்திட்ட சான்று வேண்டும். அதைக் கேட்கும் கடிதத்தைப் பெரிய கிளாக்கர் ஐயா கையால் எழுதித் தருவார்; நான் தட்டுவேன். பிறகு அவர் தமிழில் வாசித்துக் காட்ட, கேட்டவர் துரைக்குப் போகும் தாளிலும் ஆபீஸ் பிரதியிலும் ரேகை வைப்பார். மேட்டு லயத்து அக்காவும் அப்படித்தான் வந்தார். ஆனால் ஹட்டனில் படித்த அவருடைய மகள் அந்தச் சொல்லின் பொருளைச் சொல்லி அனுப்பியிருந்தாள்.

“கெஞ்சுற மாதிரி எழுத வேணாங்க ஐயா. இருபது வருஷமா விடியுமுன்னே பெரட்டுல நின்னு பேர் குடுத்து, மலைக்குப் போயி கொழுந்தெடுக்கிறேன். அத மட்டும் எழுதுங்க.”

“தொரையே கொழும்பு கம்பெனிக்கு அப்புடித்தாம்மா எழுதுறாரு. அது ஒரு மரியாத.”

“அவருக்கு மரியாதங்க. எனக்கு அது நெசமாப் போயிருமே.”

ஐயா தலையாட்டினார். ஆனால் என்னிடம் நீட்டிய தாளில் வழக்கமான வரியே இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன், அவர் என்னைப் பார்க்கவில்லை. அப்படியே தட்டச்சு செய்து கொடுத்தேன். வாசித்துக் காட்டும்போது ‘அறியத் தருகிறேன்’ என்று தொடங்கினார். அக்கா திருப்தியாக ரேகை வைத்தார். ஐயாவைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அந்தச் சொல் இல்லையென்று துரை தூக்கி எறிந்தால் ஒரு குடும்பமே நாடில்லாமல் போகுமே என்று பயந்தார். மறுநாள் துரை அந்தக் கடிதத்தை வாசிக்கக்கூட இல்லை. அடியில் வைத்திருந்த சான்றைத் தேடியெடுத்துக் கையெழுத்திட்டார், அவ்வளவுதான். கெஞ்சாமலே வாங்கிவிட்டதாக அக்கா லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. வாயைத் திறக்கவில்லை.

பழைய ஆபீசை இடித்தபோது எரிக்கப்போன காகிதங்களிலிருந்து இந்த ஒன்றை மட்டும் எடுத்து வந்தேன். சென்ற மாதம் அந்த மகள் என் வீட்டுக்கு வந்தார். ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றுவிட்டார். தாயும் இப்போது இல்லை.

“அம்மா கெஞ்சாம எழுதி வாங்குன கடுதாசிங்கண்ணே. ஆபீஸ் பிரதி எங்கயாச்சும் இருந்தா குடுங்க. கண்ணாடி போட்டு மாட்டணும்.”

எல்லாம் எரிந்துவிட்டது என்றேன். அவர் தேநீர் குடித்து முடிக்கும்வரை என் முழங்கை அந்த இழுப்பறையின் மேலேயே இருந்தது.