வடையில் ஓட்டை

எந்த வாசகத்தையும் என் அண்ணன் அப்படியே விட்டுவைக்கமாட்டார். பேருந்துகளில் எழுதியிருக்கும் 'படியில் பயணம், நொடியில் மரணம்' அவர் வாயில் 'வடையில் ஓட்டை, கடையில் வேட்டை' ஆகிவிடும். மயிலாப்பூரில் எங்கள் தெருமுனை வடைக்காரரிடமே அதைச் சொல்வார். "இன்னா சார், நம்மளயே கலாய்ச்சிக்கினு கீறீங்க?" என்று அவரும் சிரிப்பார்.

போன வருஷம் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை மெல்லத் திரும்பியது. பேச்சு திரும்பவில்லை. தண்ணீர் கேட்கக்கூடச் சொல் வராமல் தவித்தார். அடையாற்றில் பேச்சுப் பயிற்சி தரும் ஒரு பெண்ணிடம் அழைத்துப் போனேன்.

"மனப்பாடமா இருக்கறது சில பேருக்கு அப்படியே வரும். ஏதாவது ஆரம்பிச்சு விடுங்க" என்றார் அந்தப் பெண்.

"படியில் பயணம்..." என்றேன்.

"நொடியில் மரணம்" என்றார் அண்ணன், பிசிறில்லாமல். பயிற்சி தருபவர் கைதட்டினார்.

எனக்கு ஆசை வந்துவிட்டது. "வடையில்?" என்றேன். அண்ணன் வாயைத் திறந்தார். நெற்றி சுருங்கியது. வெகுநேரம் கழித்து, "மரணம்" என்றார். தவறு என்று அவருக்கே தெரிந்துவிட்டது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

இன்னமும் அச்சடித்த வாசகங்கள் மட்டும்தான் அவருக்கு வருகின்றன. நேற்று நான் கிளம்பும்போது, "நன்றி, மீண்டும் வருக" என்றார். கேலியா, வேறு சொல் கிடைக்கவில்லையா என்று அவர் முகத்தையே பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

"வரேண்ணா" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன்.