ஆடும் வெளிச்சமும் என் வெள்ளைச் சட்டையும்

லேசர் வெளிச்சம் ஆடுவதற்கு விருத்தாசலம் ஜங்ஷனில் ஓடும் கூட்ஸ் வண்டிதான் காரணம் என்று ஒரு மாதம் சாதித்த முட்டாள் நான். நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுவது நல்லது. அப்போது கூட வேலை பார்த்த விஜயா மேடம் சொல்லி நீங்கள் கேட்டால் இன்னும் அசிங்கமாக இருக்கும்.

நேற்று கோயில் தெருவில் ஒருவர் சாவிக்கொத்து லேசர் விற்றுக்கொண்டிருந்தார். சுவரில் சிவப்புப் புள்ளி மங்குவதும் பளிச்சிடுவதுமாக இருந்தது. “ஏங்க, இது ஆடுதே” என்றேன். “எல்லாம் அப்பிடித்தான் சார் ஆடும். வேணுமா, வேணாமா?” என்றார்.

எல்லா லேசரும் ஆடும் என்பது புரிய எனக்கு முதல் வேலையில் ஒரு மாதம் ஆயிற்று. அது ஜங்ஷனை ஒட்டிய ஒரு பீங்கான் கம்பெனி. உள்ளே நுழைந்தாலே ஈரக் களிமண் வாசனை. இன்றும் புதுமழை பெய்தால் எனக்கு அங்கே திறந்த டிபன் பாக்ஸ்தான் ஞாபகம் வரும். பரிசோதனை அறையில் நானும் விஜயா மேடமும் மட்டும். மெருகேற்றிய பீங்கான் வில்லைமேல் லேசரை அடித்து, திரும்பி வரும் வெளிச்சத்தை ஒரு சென்சாரில் அளப்போம். வெளிச்சம் குறைந்தால் வில்லை சொரசொரப்பு. கோளாறு என்னவென்றால், லேசரே கூடிக் குறைந்தது. நல்ல வில்லையும் கெட்டதாகத் தெரிந்தது.

நான் ஸ்டேஷனுக்குப் போய் வண்டி நேரம் கேட்டு வந்தேன். மேசைக் காலுக்கு டயர் ரப்பர் வைத்தேன். இரண்டு வண்டிகளுக்கு நடுவே, மூச்சடக்கி அளந்தேன். அப்போதும் ஆடியது. முதலாளி வந்து நின்றார்.

“வெள்ளிக்கிழம வாங்குறவங்க ஆளு வராரு. இது நிக்கலன்னா லோடு திரும்பிடும். அப்புறம் இந்த ரூம பூட்டிட்டு ரெண்டு பேரும் பேக்கிங்குக்குப் போயிடுங்க.”

எனக்கு பேக்கிங்கில் கூட நல்ல பேர் கிடையாது.

விஜயா மேடம் அன்றைக்கே ஒரு கண்ணாடித் துண்டை லேசர் போகும் வழியில் சாய்த்து வைத்தார். கொஞ்சம் வெளிச்சம் பிரிந்து இரண்டாவது சென்சாருக்குப் போனது.

“லேசர் ஆடுனா ரெண்டும் சேந்துதான் ஆடும். அத இதால வகுத்துட்டா ஆட்டம் அடிபட்டுப் போயிடும், சார்.”

வகுத்தோம். எண் அசையாமல் நின்றது. சந்தோஷத்தில் நான் கையை ஆட்டி, கூட்ஸ் வண்டிபோல் கூவிக் காட்டினேன். எண் மறுபடி குதித்தது.

மேடம் என்னை மேலும் கீழும் பார்த்தார். என் வெள்ளைச் சட்டையில் பட்டுச் சிதறிய வெளிச்சம் இரண்டாவது சென்சாரில் மட்டும் விழுந்துகொண்டிருந்தது.

“கறுப்புச் சட்ட போட்டுட்டு வரட்டா மேடம்?”

“சட்டைய மாத்தலாம். கைய ஆட்டாம ஒங்களுக்குப் பேச வராதே.”

வெள்ளிக்கிழமை வந்தவர் ஒரே வில்லையைத் திரும்பத் திரும்ப அளக்கச் சொன்னாராம். ஒரே எண். லோடு போயிற்று, அறையும் பிழைத்தது. ‘சொன்னாராம்’ என்று எழுதுவதற்குக் காரணம், நான் நேரில் பார்க்கவில்லை; எண் குதிக்காமல் இருக்க மேடம் என்னை வெளியே வராந்தாவில் நிற்க வைத்துவிட்டார்.

இப்போது அந்தக் கம்பெனியில் வில்லைகளைக் கேமராவே சோதித்துக்கொள்கிறது. எங்கள் அறையில் தண்ணீர் கேன் அடுக்கியிருக்கிறார்கள். களிமண் வாசனைகூட ரோடு வரைக்கும் வருவதில்லை. சாவிக்கொத்து லேசரை வாங்கிக்கொண்டு, ஓசூரில் இருக்கும் மேடத்துக்கு போன் போட்டேன்.

“அந்த ரூம் இன்னும் இருந்து, நாம ரெண்டு பேரும் அங்கயே வேல செஞ்சிட்டிருந்தா எப்பிடி இருக்கும் மேடம்?”

“நீங்க வெளிய நின்னிருப்பீங்க.”