அண்ணன் எழுதித் தந்த சாமான் சீட்டுகள்

வெயிலில் இரண்டு பேருந்து மாறி வந்து, முதலாண்டுத் திதிக்குப் பந்தலில் அமர்ந்திருக்கும் உறவினர்களுக்கும் அண்ணனின் நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம். அண்ணனைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று அண்ணி சொன்னார். கேட்டுக்கொள்ளவில்லை, சொன்னார். ஒன்றை மட்டும் விடாமல் எழுத வேண்டும், விட்டால் இந்த நினைவு மலரை அச்சுக்கே அனுப்பமாட்டேன் என்றும் சொன்னார். அந்த ஒன்றுக்கு வந்து சேரும்வரை என் எழுத்து அங்குமிங்கும் அலையும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் அம்மையார்குப்பம் போகிற சாலையில் உள்ள நம் சிற்றூரில், வேர்க்கடலை பிடுங்குகிற பருவத்தில் பிறந்தார். எங்கள் அப்பா, நைனாவுக்கு, ஒன்றரை ஏக்கர் மேட்டு நிலமும் பாதி வருடம் வற்றிக் கிடக்கும் ஒரு கிணறும் இருந்தன. நைனா கண்மூடியபோது அண்ணனுக்கு இருபத்தொரு வயது, எனக்குப் பன்னிரண்டு. வயர்மேன் படிப்பை முடித்திருந்த அண்ணன் திருத்தணிக்குக் குடி வந்து, வீடு வீடாக ஒயரிங் வேலை செய்து என்னைப் படிக்கவைத்தார். எனக்குச் சென்னையில் அலுவலக வேலை கிடைத்த வருடம், ஒரு கல்யாண மண்டபத்தில் சீரியல் விளக்குக் கட்டும்போது சாரத்திலிருந்து விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. அதன்பின் அவரால் ரயில் ஏற முடியவில்லை, நான்கு படி சேர்ந்தாற்போல் ஏற முடியவில்லை.

உட்கார்ந்தபடி செய்யக்கூடிய வேலை என்றுதான் ஆம்ப்ளிபயர் செய்ய ஆரம்பித்தார். பிறகு அதுவே அவர் மூச்சாகிவிட்டது. மோட்டார் காயில் கட்டுகிற கடையில் சொல்லி டிரான்ஸ்பார்மர் சுற்றி வாங்குவார். சூடு இறங்குவதற்கான அலுமினியப் பட்டைகள் அரக்கோணத்துக் காயலான் கடையிலிருந்து வரும். பெட்டியை பீரோ பட்டறையில் மடித்துத் தருவார்கள். மீதியெல்லாம் சென்னையில், அண்ணா சாலைக்குப் பின்னால் இருக்கும் ரேடியோ சாமான் தெருவில். அங்கே போகிற கால்கள் என்னுடையவை.

மாதத்தில் இரண்டு முறையாவது ஒரு சீட்டு எழுதித் தருவார். திருத்தணியிலிருந்து தினமும் வேலைக்குப் போகிற ரயிலில், மணவூர் தாண்டும்போது அதை எடுத்துப் படிப்பேன். 'கண்டன்சர் ரெண்டு, கையில் தூக்கிப் பார், கனக்க வேண்டும். ஈயம் ஒரு சுருள், வளைத்தால் முனக வேண்டும். வால்யூம் கன்ட்ரோல் ஒன்று, திருகும்போது வெண்ணெயில் விரல் போவதுபோல் இருக்க வேண்டும்.' நான் எழுதுகிறவள் என்பது உங்களில் சிலருக்குத் தெரியும். அந்தச் சீட்டுகளைப்போல ஒரு பக்கம் எனக்கு இன்னும் வாய்க்கவில்லை.

பவர் டிரான்சிஸ்டருக்கு மட்டும் தனிச் சட்டம். சத்தத்தைத் தாங்கிப்பிடிக்கிற பொருள் அது. தகரத் தொப்பி கவிழ்த்ததுபோல் இருக்கும். பழையதையும் மட்டமானதையும் தேய்த்து, மேலே நல்ல கம்பெனியின் எழுத்தைப் போட்டு விற்பவர்கள் உண்டு. அதனால் மாடிப்படிக்குக் கீழே இருக்கிற பெரியவர் கடையில் மட்டும்தான் வாங்க வேண்டும். அங்கேயும் துடைத்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது. நகப்பூச்சு அழிக்கிற மருந்தைப் பஞ்சில் தொட்டு மேலே தேய்த்தால் போலியின் எழுத்து பஞ்சோடு வந்துவிடும். என் கைப்பையில் அந்தப் பாட்டில் எப்போதும் இருந்தது. வாழ்நாளில் நான் நகப்பூச்சுப் பூசியதில்லை.

"இன்னாம்மா, தாசில்தார் வந்துட்டியா? தொட, தொட. எங்கப்பன் போட்டோவையும் ஒரு தபா தொடச்சிட்டுப் போ, அசலான்னு தெரிஞ்சிக்கலாம்" என்பார் பெரியவர். வீட்டுக்கு வந்து சொன்னால் அண்ணன் தொடையில் தட்டிச் சிரிப்பார். எல்லாம் போனிலேயே படம் பார்த்து வரவழைக்கலாமே என்று யாராவது சொன்னால், "போட்டோவை எப்பிடிப்பா தொடைக்கிறது? என் தங்கச்சி தொடச்சா நான் தொடச்ச மாதிரி" என்பார். நான் கொண்டுவந்ததை அவர் மறுபடி சோதித்ததே இல்லை.

ஏழு ஆண்டுகளுக்கு முன், ஆடிக் கிருத்திகைக்கு நம் ஊர்க் காவடியோடு போகும் டெம்போவுக்கு அண்ணனிடம் புது ஆம்ப்ளிபயர் செட் கேட்டார்கள். சொந்த ஊர் கேட்டது என்பதில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. நான்கு டிரான்சிஸ்டருக்குச் சீட்டு கொடுத்தார். அன்று பெரியவர் கடை பூட்டியிருந்தது. மறுநாள் வரலாம். ஆனால் அன்று மாலை மயிலாப்பூரில் ஒரு சிறு கூட்டத்தில் என்னைக் கவிதை வாசிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். மனமெல்லாம் அங்கே. அடுத்த சந்தில் ஒரு கடையில் நான்கையும் வாங்கினேன். பையைத் திறந்து பாட்டிலை எடுத்தேன். கடைக்காரர் என்னைப் பார்த்தார். பாட்டிலை உள்ளே வைத்துவிட்டேன். நேரமாகிவிட்டது என்று இன்றுவரை சொல்லிக்கொள்கிறேன். அரை நிமிட வேலை அது.

"பெரியவரு இன்னா சொன்னாரு?" என்று அண்ணன் கேட்டார்.

"நல்லாருக்காரு. உன்ன விசாரிச்சாரு."

"தொடச்சிப் பாத்தல்ல?"

"ஆங்."

அந்த ஒரு சொல்தான். அதைச் சொல்லிவிட்டுத் தோசை சாப்பிட்டேன்.

ஆடிக் கிருத்திகையன்று மலையடிவாரத்தில் கூட்டம் நெரிந்துகொண்டிருந்தது. சரவணப் பொய்கைக்கு நூறடி முன்னால் செட் ஒரு முறை கரகரத்தது. பிறகு டெம்போவிலிருந்து புகை எழுந்தது. பாடிக்கொண்டிருந்தவர் வாய் அசைந்தது, குரல் வரவில்லை. பம்பை மேளக்காரர்கள் மட்டும் அடித்துக்கொண்டே போனார்கள். பின்னால் வந்த வேறு ஊர்க் காவடியில் ஒருவர், "இன்னாப்பா, சாம்பிராணி போடறீங்களா?" என்றார். அவர்கள் பாட்டு நம்மைத் தாண்டிப் போயிற்று. அண்ணன் டெம்போவின் ஓரத்தைப் பிடித்தபடி நின்றார். பெட்டியைத் திறக்கவில்லை. தன் இரண்டு கைகளையும் பார்த்தார்.

அன்று மாலைக்குள் ஊரில் பேச்சு உருவாகிவிட்டது. "விழுந்ததுல நரம்புல அடி. கை போயிடுச்சு." சொன்னவர்கள் வன்மமாகச் சொல்லவில்லை, வருத்தத்தோடுதான் சொன்னார்கள். அது இன்னும் மோசம். மூன்று கோயில்கள் கொடுத்திருந்த வேலையை வேறு இடத்துக்கு மாற்றின. அண்ணன் ஒருவரையும் மறுத்துப் பேசவில்லை. "ஆமாப்பா, கண்ணும் செரியா தெரில" என்று அவரே சொன்னதை நான் என் காதால் கேட்டேன். அதற்குப் பிறகு எனக்குச் சீட்டு வரவில்லை. மிக்சி, கிரைண்டர் ரிப்பேர் பார்த்தார். ஆம்ப்ளிபயர் ஒன்றுகூடச் செய்யவில்லை. அவர் தன் கை போய்விட்டதாகவே நம்புகிறார் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால் அந்த நம்பிக்கை போகும், கை திரும்ப வரும் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. இன்று சொல்லலாம், பொங்கலுக்குச் சொல்லலாம், அவர் தனியாக இருக்கும்போது சொல்லலாம். ஆறு ஆண்டுகள் இப்படித்தான் போயின.

கடைசி நாட்களை நீங்கள் பார்த்தீர்கள். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. வாரம் மூன்று நாள் ரத்தம் சுத்திகரிக்கப் போய் வந்தார். வீங்கிய விரல்களால் போர்வையின் ஓரத்தைத் திருகிக்கொண்டே இருப்பார், எதையோ கூட்டிக் குறைப்பதுபோல. ஒரு பிற்பகல் அண்ணி தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். நான் கட்டிலோரம் உட்கார்ந்தேன்.

"அண்ணா, அந்த ஆடிக் கிருத்திக செட்டு..."

"அத்த விடு பாப்பா. சாப்ட்டியா?"

"இல்ல ண்ணா, நான்..."

"மொதல்ல போய் சாப்புடு. மொகம் வாடிகினு கீது பாரு."

போய்ச் சாப்பிட்டேன். ஒன்பதாம் நாள் அண்ணன் போய்விட்டார்.

காரியம் முடிந்த மறுநாள் அண்ணி என்னைக் கூப்பிட்டு ஒரு பிஸ்கட் டப்பாவைக் கையில் வைத்தார். உள்ளே அந்த நான்கு டிரான்சிஸ்டர்கள். தொப்பிகள் ஹாக்சா பிளேடால் அறுத்துத் திறக்கப்பட்டிருந்தன. நல்ல டிரான்சிஸ்டருக்குள் கம்மல் கல் அளவுக்கு ஒரு சில்லு இருக்க வேண்டும். இவற்றில் கடுகளவுதான் இருந்தது.

"கிருத்திக முடிஞ்ச மறாநாளே அறுத்துப் பாத்துட்டாரு" என்றார் அண்ணி. "டூப்ளிகேட்டுன்னு தெரிஞ்சிபோச்சு. நீ தொடைக்கலன்னும் தெரிஞ்சிபோச்சு."

"ஏன் அண்ணி என்னைக் கேக்கல?"

"நானும் அதத்தான் கேட்டேன். தங்கச்சி மூஞ்சியப் பாத்து எப்பிடிடி கேக்கறதுன்னாரு. செரி, வேற யாரையாச்சும் அனுப்பி நல்ல சாமான் வாங்கின்னு வந்து செய்யேன்னேன். வேற ஆளை அனுப்பினா பாப்பாவுக்குப் புரிஞ்சிடும்னாரு. உன்ன அனுப்பவும் மனசு வர்ல, வேற ஆள அனுப்பவும் மனசு வர்ல. அதான் வேலையே வாணாம்னு வுட்டுட்டாரு."

நான் அழ ஆரம்பித்தேன். அண்ணி அழவில்லை.

"நீ இப்போ அழுவாத. ஊரே கை போச்சு, கை போச்சுன்னுச்சு. அவரு ஆமாம் போட்டுகினு இருந்தாரு. உனக்கோசரம். நீ வாய மூடிகினு இருந்த. எல்லாரையும் வாயில்லாம பண்ணி வெச்சாரு மனுசன், என்னையும் சேத்து. இனிமே என்னால ஆவாது. நீ எழுது."

எழுதிவிட்டேன், அண்ணி.

நோயுற்ற காலத்தில் விடியற்காலையே ஆட்டோ கொண்டுவந்து வாசலில் நிறுத்திய எதிர்வீட்டுத் தம்பிக்கும், இரும்புக் கட்டிலும் மெத்தையும் தந்துதவிய பீரோ பட்டறை நண்பர்களுக்கும், ரத்தம் கொடுத்த நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும், தள்ளாத வயதில் சென்னையிலிருந்து ரயிலேறி வந்து கடைசியாக முகம் பார்த்த கடைக்காரப் பெரியவருக்கும், தோள் கொடுத்துத் தூக்கிப்போன அனைவருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. அண்ணனின் செட்டுகள் சில பஜனைக் கோயில்களில் இன்னும் பாடிக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் பத்திரமாக வைத்திருப்பவர்களுக்கும் நன்றி.

ஒரே ஒரு வேண்டுகோள். எனக்கு மன்னிப்பு கேட்கவில்லை. அதைக் கொடுக்க வேண்டியவர் இல்லை. ஆனால் அண்ணனின் கை போய்விட்டது என்று ஏழு ஆண்டுகளில் ஒருமுறையாவது சொன்னவர்கள் இந்தப் பந்தலில் பலர் இருக்கிறீர்கள். இலையில் கை வைப்பதற்கு முன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம், அந்தக் கையில் எந்தக் கோளாறும் இருந்ததில்லை என்று ஒருமுறை சொல்லிவிடுங்கள். கொஞ்சம் உரக்கவே சொல்லுங்கள். அண்ணி பரிமாறிக்கொண்டு வருகிறார்.